மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பண்ணைத் தொழிலாளர்களும்: வாசகர் கேள்வி – பதில்

கோழி, பன்றி, மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்பவர்களிடம் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் வந்து சேர்வதைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன். தங்கள் வேலைக்கு ஊறு நேருமோ என்று சிலர் அஞ்சியிருந்தார்கள். ஆகவே எவருடைய பெயரையும் ஊரையும் இங்கே குறிப்பிடவில்லை.

கேள்வி: கறிக்கோழிப் பண்ணையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நான் மாத்திரை சாப்பிடுவதே அபூர்வம். மருந்து சாப்பிடுவது கோழி. அப்படியிருக்க என் உடம்பு எப்படி மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும்?

முதலில் ஒரு சிறு திருத்தம். மருந்துக்குக் கட்டுப்படாமல் போவது உங்கள் உடம்பு அல்ல, உங்கள் உடம்பில் குடியேறும் பாக்டீரியா. அது உங்களுக்குள்ளேயே உருவாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கோழியின் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. தீவனத்திலோ குடிநீரிலோ ஓர் ஆன்டிபயாடிக் தொடர்ந்து கலந்து தரப்படும்போது, அம்மருந்தால் சாகக்கூடியவை செத்து, அதைத் தாங்கும் மரபணுவைத் தற்செயலாகப் பெற்றிருந்தவை மட்டும் எஞ்சி, காலியான இடத்தையெல்லாம் நிரப்பிக்கொள்கின்றன. அவை எச்சத்தோடு வெளியேறிக் கூளத்தில் கலக்கின்றன. கூளம் காய்ந்து தூசியாகிறது. அந்தத் தூசியை நீங்கள் நாள் முழுவதும் சுவாசிக்கிறீர்கள், அது படிந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறீர்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவ ஆய்வாளர் இதை ஒரு பண்ணையிலேயே சோதித்துப் பார்த்து, 1976-இல் முடிவுகளை வெளியிட்டார். கோழித் தீவனத்தில் டெட்ராசைக்ளின் வகை மருந்து கலக்கத் தொடங்கிய ஒரே வாரத்தில் கோழிகளின் குடல் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய முழுவதுமாக அம்மருந்தைத் தாங்குபவையாக மாறின. அதற்குப் பின் ஐந்தாறு மாதங்களில் அப்பண்ணையில் வாழ்ந்தவர்களிடம் வாரந்தோறும் எடுத்த மல மாதிரிகளில் சுமார் 31 சதவீதத்தில், ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான பாக்டீரியாக்கள் டெட்ராசைக்ளினைத் தாங்குபவையாக இருந்தன. அக்கம்பக்கத்து வீட்டாரிடம் அந்த அளவு 7 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தீவனத்தில் இருந்தது ஒரே ஒரு மருந்துதான் என்றாலும், நாளடைவில் அந்தப் பாக்டீரியாக்கள் தீவனத்தில் இல்லாத வேறு பல மருந்துகளையும் தாங்கின என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி. பல மருந்துகளைத் தாங்கும் மரபணுக்கள் ஒரே டி.என்.ஏ. வளையத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று தேவைப்பட்டாலும் வளையம் முழுவதும் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடுகிறது.

அதே ஆய்வில் ஆறுதலான செய்தியும் உண்டு. மருந்து கலந்த தீவனத்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்த பத்துப் பேரில் எட்டுப் பேரிடம் அத்தகைய பாக்டீரியாக்கள் தென்படவில்லை.

கேள்வி: பன்றிப் பண்ணையில் வேலை செய்கிறேன். குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு முன்பாக மூக்கில் பஞ்சு விட்டுப் பரிசோதித்தார்கள். 'எம்.ஆர்.எஸ்.ஏ. இருக்கிறது' என்று சொல்லித் தனி அறையில் வைத்துவிட்டார்கள். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இது நோயா? வேலையை விட வேண்டுமா?

இது நோயல்ல, கிருமி குடியிருப்பது வேறு, கிருமி தாக்குவது வேறு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா நலமாக இருக்கும் மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரது மூக்கில் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதில் மெத்திசிலின் மருந்தைத் தாங்கும் வகைக்குத்தான் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று பெயர். பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த ஏறத்தாழ எல்லா மருந்துகளும் அதனிடம் தோற்றுப்போகும் என்பதால், அது தோலின் காப்பைத் தாண்டி உள்ளே போனால் சிகிச்சை சிக்கலாகிறது. அறுவைச் சிகிச்சை என்பது அந்தக் காப்பைக் கத்தியால் திறப்பது. உங்களுக்காகவும் பக்கத்துப் படுக்கைக்காரருக்காகவும் தனி அறை தந்தது சரியான செயலே. அதில் உங்களுக்கு இழிவு எதுவுமில்லை. அறுவைக்கு முன் மூக்கில் தடவும் களிம்பும் கிருமிநாசினிக் குளியலும் தந்திருப்பார்கள். அவர்கள் சொன்ன நாள் கணக்குப்படி தவறாமல் செய்யுங்கள்.

உங்கள் கதை நெதர்லாந்தில் நடந்த ஒன்றை அப்படியே நினைவூட்டுகிறது. எம்.ஆர்.எஸ்.ஏ.யை மருத்துவமனைக்குள் விடாமல் தடுப்பதில் மிகக் கறாரான நாடு அது. அங்கே அறுவைச் சிகிச்சைக்கு முன் பரிசோதித்த ஆறு மாதக் குழந்தை ஒன்றிடம் இந்தக் கிருமி இருந்தது. பெற்றோரிடமும் இருந்தது, அவர்கள் பன்றி வளர்ப்பவர்கள். அதன்பின் அப்பகுதியில் 26 பன்றி வளர்ப்போரைச் சோதித்தபோது 6 பேரிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. காணப்பட்டது. அந்நாட்டு மருத்துவமனைகளில் சேரும் பொது நோயாளிகளோடு ஒப்பிட்டால் இது 760 மடங்குக்கும் அதிகம் என்று 2005-இல் வெளியான ஆய்வறிக்கை கணக்கிட்டது. அதற்குப் பிறகு பன்றிகளோடும் கறிக்கன்றுகளோடும் பழகுபவர்கள் மருத்துவமனையில் சேரும்போதே சோதிக்கப்பட வேண்டியவர்கள் என்பது அங்கே நடைமுறையாயிற்று.

பண்ணைகளில் பரவிய இந்தக் குறிப்பிட்ட வகைக்கு 398 என்று எண்ணிட்டிருக்கிறார்கள். இதன் பூர்வீகம் பன்றி அல்ல. 19 நாடுகளிலிருந்து சேகரித்த 89 மாதிரிகளின் மரபணுத் தொகுப்பை ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வு, மருந்துக்குக் கட்டுப்பட்டு மனிதர்களிடம் இருந்த ஒரு ஸ்டெஃபிலோகாக்கஸ்தான் விலங்குகளுக்குப் போய், அங்கே டெட்ராசைக்ளினையும் மெத்திசிலினையும் தாங்கும் திறனைப் பெற்றுக்கொண்டது என்று காட்டியது. நாம் கொடுத்ததுதான் ஆயுதம் தரித்துத் திரும்பி வந்திருக்கிறது.

வேலையை விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இந்த வகை மனித மூக்கில் நிலைத்துத் தங்குவது, விலங்கோடு எவ்வளவு நேரம் பழகுகிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது. நீண்ட விடுப்பில் இருப்பவர்களிடம் குறைந்தோ மறைந்தோ போவதும், வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் வருவதும் உண்டு. ஆகவே அறுவைச் சிகிச்சை போன்ற காரணம் இல்லாமல், 'கிருமியை ஒழித்தே தீருவேன்' என்று மாதாமாதம் களிம்பு தடவுவதால் பயனில்லை; கொட்டகைக்குள் நுழைந்த அன்றே அது திரும்பிவிடக்கூடும், களிம்பையும் தாங்கக் கற்றுக்கொள்ளும்.

கேள்வி: முகக்கவசம் போட்டால் மூச்சு முட்டுகிறது, வியர்க்கிறது. அதனால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா, அல்லது அதிகாரிகள் வரும்போது காட்டுவதற்கு மட்டுமா?

பயன் உண்டு, ஆனால் எந்தக் கவசம், எப்போது, எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டென்மார்க்கில் தன்னார்வலர்கள் 34 பேரை எம்.ஆர்.எஸ்.ஏ. பரவியிருந்த பன்றிப் பண்ணை ஒன்றில் ஒரு மணி நேரம் மட்டும் இருக்கச் செய்து, வெளியே வந்ததும் மூக்கைச் சோதித்தார்கள். ஏறக்குறைய அனைவரது மூக்கிலும் கிருமி இருந்தது. சில மணி நேரத்திலேயே பெரும்பாலோரிடம் மறைந்தும் போயிற்று. கொட்டகைக் காற்றில் கிருமி எவ்வளவு மிகுந்திருந்ததோ அவ்வளவு மூக்கிலும் மிகுந்திருந்தது. தூசியே வாகனம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் வந்தது சில மணி நேரத்தில் போகிறது என்றால், நாள்தோறும் எட்டு மணி நேரம் உள்ளே இருப்பவரின் மூக்குக்குத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அவகாசமே கிடைப்பதில்லை என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

தளர்வான துணிக்கவசம் நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு இடைவெளியின்றிப் படியும் என்-95 வகையோ அதற்கு நிகரானதோ வேண்டும். அதை எட்டு மணி நேரமும் அணிந்திருக்க எவராலும் இயலாது என்பதை நானும் அறிவேன். தூசி மிகும் வேலைகளுக்கு மட்டுமாவது அணியுங்கள்: கூளத்தைக் கிளறும்போது, ஒரு பேட்ச் கோழிகள் போன பின் கொட்டகையைக் காலி செய்யும்போது, உலர் தீவனத்தைக் கொட்டும்போது, கோழி பிடிக்கும்போது, உயர் அழுத்த நீரைப் பீய்ச்சிக் கழுவும்போது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நீர்த்துளிகளோடு கிருமியும் புகைபோல் எழும்புகிறது.

ஒரு பண்ணையில் இரவு நேரத்தில் கோழி பிடிப்பவர்களின் அருகே நின்று பார்த்திருக்கிறேன். மங்கலான விளக்கொளியில் குனிந்து, கால்களைப் பற்றி, ஒரு கையில் நான்கைந்து கோழிகளாகத் தூக்கிக் கூண்டில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். முன்கை முழுவதும் நகக் கீறல்கள், பழைய தழும்பின் மேல் புதிய கீறல். அவர்களில் ஓர் இளைஞர் நல்ல கவசமே அணிந்திருந்தார். ஆனால் வியர்வையைத் துடைக்க நிமிடத்துக்கு ஒரு முறை, எச்சம் அப்பிய அதே கையுறையால் கவசத்தை இழுத்து, மூக்குக்குக் கீழே விரலை விட்டு, மீண்டும் மேலே ஏற்றிக்கொண்டார். அந்த இரவில் அவருக்குக் கவசத்தால் பெரிய நன்மை விளைந்திருக்காது. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. கை கழுவத் தண்ணீரும், கவசத்தைக் கழற்றி ஓய்வெடுக்கத் தூசியில்லாத ஓர் இடமும், பத்து நிமிட இடைவேளையும் தர வேண்டியவர் பண்ணை உரிமையாளர்.

கேள்வி: என் கணவர் பண்ணையில் வேலை செய்கிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. வேலையிலிருந்து வந்ததும் குழந்தையைத் தூக்குகிறார். நான் தடுக்க வேண்டுமா?

குழந்தையைத் தூக்குவதைத் தடுக்க வேண்டாம். குளிப்பதற்கு முன் தூக்குவதைத் தடுங்கள்.

நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் 22 பேரை 14 நாள் தொடர்ந்து சோதித்த ஆய்வொன்றில், 10 பேரது மூக்கில் பண்ணை விலங்குக்குரிய அடையாளம் கொண்ட ஸ்டெஃபிலோகாக்கஸ் அந்த நாள்கள் முழுவதும் நிலைத்திருந்தது. வேலைக்குப் போகாத நாள்களிலும் அது மறைந்துவிடவில்லை. ஆனால் விலங்கிலிருந்து மனிதருக்கு எளிதாகத் தாவும் 398 வகை, மனிதரிடமிருந்து மனிதருக்கு அவ்வளவு எளிதாகப் பரவுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வீட்டாரிடம் அது காணப்படுவது தொழிலாளரிடம் காணப்படுவதைவிடக் குறைவாகவே இருக்கிறது. அவர்களும் கொட்டகைக்குள் போய் வந்தால் கூடுகிறது.

செய்ய வேண்டியவை எளியவை. வேலை உடுப்பும் காலணியும் பண்ணையிலேயே தங்கட்டும். குளியலறை இருக்கும் பண்ணை என்றால் அங்கேயே குளித்துவிட்டு வரட்டும். அது இயலாவிட்டால் வாசலுக்கு வெளியே காலணியைக் கழற்றி, உடுப்பை உதறாமல் சுருட்டி ஒரு பையில் போட்டு, மற்றத் துணிகளோடு கலக்காமல் சுடுநீரும் சோப்பும் கொண்டு துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். உதறினால் பண்ணைத் தூசி வீட்டுத் தூசியாகிவிடும். துவைத்தபின் உங்கள் கைகளையும் கழுவுங்கள். கைப்பேசியை எவரும் நினைப்பதில்லை. நாள் முழுவதும் கொட்டகையில் அவர் கையில் இருந்த கைப்பேசிதான் மாலையில் குழந்தையின் வாய்க்குப் போகிறது. குழந்தைக்குப் படை, ஆறாத புண் ஏதாவது இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

கேள்வி: உயிர்க்கோழி ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். கோழியைத் தொடுவதே இல்லை. எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், கோழி லாரிகளின் பின்னால் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காரில் போனவர்கள், காருக்குள்ளிருந்த காற்றிலும் பரப்புகளிலும் மருந்துக்கு அடங்காத என்டரோகாக்கஸ் பாக்டீரியாக்களைக் கண்டார்கள். பின்னால் போனவர்களுக்கே அப்படியென்றால், காலிக் கூண்டுகளை இறக்கி அடுக்கும் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கையுறை அணியுங்கள், ஓட்டுநர் இருக்கைக்குத் திரும்பும் முன் அதைக் கழற்றிவிட்டுக் கை கழுவுங்கள்.

கேள்வி: நான் பண்ணை உரிமையாளன். எல்லோரும் எங்களையே குற்றம் சொல்கிறீர்கள். ஆன்டிபயாடிக் இல்லாமல் இத்தனை ஆயிரம் குஞ்சுகளை உயிரோடு கரையேற்றிக் காட்டுங்கள் பார்க்கலாம்.

உங்கள் கோபம் புரிகிறது. நோயுற்ற விலங்குக்கு மருந்து தரக் கூடாது என்று எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்வதில்லை, அது கொடுமையாகும். மருந்து மூன்று காரணங்களுக்காகக் கொடுக்கப்படுகிறது. நோய் வந்தபின் கொடுப்பது ஒன்று. நோய் வரக்கூடும் என்று கொட்டகை முழுவதற்கும் கொடுப்பது ஒன்று. நோயே இல்லாமல், எடை கூடுவதற்காகச் சிறு அளவில் நாள்தோறும் தீவனத்தில் கலப்பது ஒன்று. மூன்றாவதை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். இரண்டாவது, பெரும்பாலும் நெரிசலுக்கும் ஈரக் கூளத்துக்கும் காற்றோட்டக் குறைவுக்கும் நாம் கட்டும் அபராதம்.

எடைக்காகக் கலப்பதை ஸ்வீடன் 1986-இலேயே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் முழுவதும் நிறுத்தியது. 2022-இல், வழக்கமாக மந்தை முழுவதற்கும் முன்கூட்டியே மருந்து தரும் பழக்கத்தையும் விலக்கியது. உலக நலவாழ்வு அமைப்பு 2017 நவம்பரில் இதே திசையில் பரிந்துரை வழங்கியது. நெதர்லாந்து, மேலே சொன்ன அந்தக் குழந்தையின் நாடு, 2009-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் கால்நடைகளுக்கான ஆன்டிபயாடிக் விற்பனையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது. ஆனாலும் இறைச்சி ஏற்றுமதியில் முன்னணி நாடாகவே நீடிக்கிறது. தடுப்பூசி, பேட்சுகளுக்கு இடையே கொட்டகையைக் கழுவிக் காயப்போடும் இடைவெளி, பன்றிக்குட்டிகளைத் தாயிடமிருந்து அவசரப்பட்டுப் பிரிக்காமல் இருப்பது ஆகியவை மருந்தின் தேவையைக் குறைக்கும் வழிகள். முதல் ஓரிரு பேட்சுகளில் இழப்பு வராது என்று உங்களுக்கு உறுதிமொழி தர மாட்டேன்.

மனிதருக்குத் தராத மருந்தாகப் பார்த்துக் கொடுத்தால் ஆபத்தில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் 1983-இல் அப்படித்தான் நர்சியோத்ரிசின் என்ற மருந்தைப் பன்றித் தீவனத்தில் கலந்தார்கள். மனித மருத்துவத்தில் அம்மருந்துக்கு இடமே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் அதைத் தாங்கும் ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியா பன்றிகளிடமும், பிறகு பண்ணைப் பணியாளர்களிடமும் அவர்கள் குடும்பத்தினரிடமும், பண்ணைப் பக்கமே போகாத ஊராரிடமும் காணப்பட்டது. கிருமி எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்பதை இதைவிடத் துல்லியமாக எந்தச் சோதனையாலும் காட்டியிருக்க முடியாது. கொலிஸ்டினின் கதை இதைவிடக் கவலைக்குரியது. வேறெந்த மருந்தும் பலிக்காத நோயாளிக்குக் கடைசியாகத் தரப்படும் அம்மருந்தைத் தாங்கும் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணு சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015 நவம்பரில் வெளிப்பட்டது. தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதைச் சீனா 2017-இல் நிறுத்தியது; 2019-இல் இந்தியா உணவுக்கான விலங்குகளுக்கு அதைத் தருவதையே தடை செய்தது.

உங்கள் கொட்டகையில் இத்தகைய கிருமி உருவானால், உங்களுக்கும் உங்கள் வாடிக்கையாளருக்கும் முன்பாக அது போய்ச் சேர்வது உங்கள் தொழிலாளியிடம்தான்.

கேள்வி: மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தில் மிச்சம் இருக்கிறது. மனிதருக்கும் அதே மருந்துதானே? காய்ச்சல் வந்தால் பயன்படுத்தலாமா?

கூடாது. மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் செறிவும் கரைப்பானும் அளவும் வேறு.

கேள்வி: பண்ணையில் கம்பி கீறிய இடத்தில் முன்கையில் கட்டி வந்தது. மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டேன்; குறையவில்லை. இப்போது சுற்றிலும் சிவந்து சுடுகிறது. வேறு மாத்திரை கேட்டு வாங்கலாமா?

இன்னொரு மாத்திரையை முயன்று பார்க்க வேண்டாம். இன்றே மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலோ குளிரோ இருந்தாலும், சிவப்புக் கோடு கைமேல் ஏறினாலும் காலையாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சீழ் கோத்த கட்டிக்குப் பல சமயம் முதன்மையான மருத்துவம் அதைக் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான். அதை மருத்துவர் செய்ய வேண்டும், வீட்டில் ஊசியால் குத்தக் கூடாது. வெளியேற்றும்போது அந்தச் சீழைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முதலில் நீங்கள் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. என்ன சாப்பிட்டீர்கள், எங்கே போனீர்கள், சர்க்கரை உண்டா என்றெல்லாம் கேட்கும் மருத்துவர்களில் பலர், 'விலங்குகளோடு வேலை செய்கிறீர்களா?' என்று கேட்பதில்லை. அது தெரியாதவரை அவர் வழக்கமான மாத்திரையில்தான் தொடங்குவார். அந்த மருந்தை உங்கள் பண்ணைக் கிருமி ஏற்கெனவே சந்தித்துப் பழகியிருக்கக்கூடும். ஐந்து நாள் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தீவன மூட்டையில் தைத்திருக்கும் சீட்டையும், கொட்டகையில் தண்ணீரில் கலக்கும் மருந்துப் புட்டியின் மேலுறையையும் கைப்பேசியில் படம் எடுத்துப் போய், கட்டியைக் காட்டும் முன் அவற்றைக் காட்டுங்கள்.